வெளியே 400, உள்ளே 461: போன்டியாக் ஜி.டி.ஓ. இன்ஜின் நெடுநாள் ஓட்டத்தில்

போன்டியாக் கார்களின் வி-8 இன்ஜினில் ஒரு வசதி: கொள்ளளவு 326 கன அங்குலம் ஆனாலும் 455 ஆனாலும் பிளாக்கின் வெளி உருவம் ஏறத்தாழ ஒன்றுதான். 1969 ஜி.டி.ஓ. காரின் 400-ல் 3.75 அங்குல ஸ்ட்ரோக்குக்குப் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) பதில் 4.25 அங்குல ஸ்ட்ரோக் தரும் கிராங்கைப் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) போட்டு, 4.12 அங்குல போரை (சிலிண்டர் விட்டம்) 0.035 அங்குலம் பெரிதாக்கினால் 461 கன அங்குலம். பானெட்டைத் திறப்பவருக்கு எதுவும் தெரியாது. போர் போடும் முன் சிலிண்டர் சுவரின் கனத்தைச் சோனிக் டெஸ்ட்டில் (ஒலி அலையால் கனம் அளக்கும் சோதனை) பார்ப்பது கட்டாயம். கம்பெனி கனெக்டிங் ராடுகள் வார்ப்பு. அவற்றை மறுபடி போடவே வேண்டாம். 6.8 அங்குல ஃபோர்ஜ்டு ராடுகள் இந்த கிராங்குக்கென்றே கிடைக்கின்றன.

பலர் சறுக்குவது கம்ப்ரஷனில், அதாவது சிலிண்டருக்குள் கலவை எத்தனை மடங்கு அமுக்கப்படுகிறது என்ற விகிதத்தில். 72 சி.சி. அறை கொண்ட 62 எண் இரும்பு ஹெட்டை (சிலிண்டர்களின் மேல்மூடி) வைத்து, தட்டைத் தலை பிஸ்டனைப் போட்டால் 11.5:1-ஐத் தாண்டிவிடும். 1969-ல் ஈயம் கலந்த பிரீமியம் பெட்ரோல் கிடைத்தது, 10.75:1 செல்லுபடியானது. இன்று அமெரிக்க பங்க்கில் கிடைக்கும் 91, 93 ஆக்டேனுக்கு இரும்பு ஹெட்டில் 9.5:1 தான் நிம்மதி. அதற்கு பிஸ்டன் தலையில் சுமார் 29 சி.சி. குழி வேண்டும். 10-க்கு மேல் கட்டிய இன்ஜின்கள் வெயில் காலத்து மேட்டில் நாக்கிங் (கலவை கட்டுப்பாடின்றி வெடிக்கும் தட்டல்) அடிக்கின்றன. உடனே பொறி முந்தி விழும் டைமிங்கைக் குறைப்பார்கள். கூடுதல் கம்ப்ரஷனால் கிடைத்த பலம் அங்கேயே போய்விடும். 9.5-ல் மொத்த அட்வான்ஸ் (பொறி முந்தி விழும் கோணம்) 34 முதல் 36 டிகிரி வரை தைரியமாக வைக்கலாம்.

400-ல் முரட்டுத்தனமாக ஐடில் அடிக்கும் கேம்ஷாஃப்ட் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) 461-ல் அடங்கிப் போகிறது. பவர் பிரேக்குக்கான வாக்குவமும் போதுமான அளவு நிற்கிறது. காதுக்கும் இது கம்பெனி இன்ஜின்தான். கேம்ஷாஃப்ட்டின் மேல் உருளாமல் உரசும் தட்டை லிஃப்ட்டர் என்றால் துத்தநாகம் அதிகமுள்ள எண்ணெய் வேண்டும். முதல் ஸ்டார்ட்டில் இருபது நிமிடம் 2000-2500 ஆர்.பி.எம்.மில் ஓட விடாவிட்டால் கேம்ஷாஃப்ட்டின் லோப் (புடைப்பு) தேய்ந்துவிடும்.

வெளித்தோற்றம் காட்டிக்கொடுப்பது சின்னப் பொருள்களில். ராக்கர்களைப் பிடிக்க நேர் ஸ்டட்டும் பாலிலாக்கும் (பூட்டு நட்டு) போட்டால் கம்பெனி வால்வு கவருக்குள் இருக்கும் எண்ணெய்ச் சொட்டுத் தகடுகளில் இடிக்கும். உயரக் கவர் வாங்கினால் வேஷம் கலைந்தது. சாதாரண எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு மேல் ஆர்.பி.எம்.மில் மூச்சை அடைக்கும். ராம் ஏர் வகை நீளக் கிளை வார்ப்பு மேனிஃபோல்டு அந்த ஆண்டே கம்பெனி கொடுத்ததுதான், எனவே யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள். இன்ஜின் எண் பிளாக்கின் முன்முகத்தில் இருப்பதால் டெக் மேற்பரப்பைச் (ஹெட் உட்காரும் முகம்) சீவினாலும் அழியாது. செவர்லே வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கொடுப்பினை இல்லை.

பொறியை இயக்கும் பழைய பாயிண்ட்ஸுக்குப் (தொடுமுனைகள்) பதில் டிஸ்ட்ரிப்யூட்டர் மூடிக்குள்ளேயே ஒளிந்துகொள்ளும் எலக்ட்ரானிக் மாட்யூல் நல்ல தேர்வு. ஆனால் வோல்ட்டேஜைக் குறைக்கும் பழைய ரெசிஸ்டன்ஸ் வயரிலிருந்தே மின்சாரம் எடுத்தால் இன்ஜின் சூடானதும் மிஸ்ஃபயர் ஆகும். முழு 12 வோல்ட் கொடுங்கள்.

சில ஆண்டுகள் ஓடிய பின் தொல்லை தருபவை மூன்று. குவாட்ராஜெட் கார்புரேட்டரின் அடி பிளக்குகள் கசிந்து ராத்திரியில் மிதவைக் கிண்ணம் காலியாகும். காலையில் ஸ்டார்ட் ஆக அடம் பிடிக்கும். எத்தனால் கலந்த பெட்ரோல் ஆக்ஸிலரேட்டர் பம்ப் கப்பையும் தின்னும். பிளக்குகளை எபாக்ஸியால் அடைத்து, எத்தனால் தாங்கும் கப் போட்டால் தீரும். இரண்டாவது, பின் மெயினில் (கிராங்கின் பின்பக்க பேரிங்) கயிறு சீல் என்றால் எண்ணெய்ச் சொட்டு நிச்சயம். இரண்டு துண்டு விட்டான் (செயற்கை ரப்பர்) சீலே மேலானது. மூன்றாவது, இன்டேக் மேனிஃபோல்டின் முன்னாலிருந்து கூலன்ட் கசிவு. இந்த மேனிஃபோல்டை டைமிங் கவரோடு இணைக்கும் நீண்ட போல்ட்டை இழுத்து ஓ-ரிங்கை அமுக்கிய பிறகே ஹெட் பக்கத்து போல்ட்டுகளை இறுக்க வேண்டும். வரிசை மாறினால் எவ்வளவு சீலன்ட் பூசினாலும் நிற்காது.

சூடு ஏறினால் ரேடியேட்டரைத் திட்டும் முன் வாட்டர் பம்ப்பைக் கழற்றிப் பாருங்கள். இம்பெல்லருக்கும் பின்னாலுள்ள தகட்டுக்கும் இடைவெளி அதிகமிருந்தால், தகட்டை உரசாத அளவுக்கு நெருக்கி வளைத்தாலே வெப்பம் காட்டும் முள் இறங்கும்.