ஊட்டிக் குளிருக்கு ரப்பர் வெந்நீர்ப்பை: எங்கே வைப்பது, எவ்வளவு சூடு, எப்போது எடுப்பது

ஊட்டியில் தூக்கத்துக்காகச் செலவழிக்கும் பணத்தில் வீண்போகாதது எது என்றால், மருந்துக் கடையில் விற்கும் 2 லிட்டர் ரப்பர் வெந்நீர்ப்பைக்குக் கொடுப்பதுதான். ரூம் ஹீட்டர், மின்கம்பளம், பிளக்கில் மாட்டும் ஜெல் பை எல்லாவற்றோடும் ஒப்பிட்டுப் பார்த்தாலும் எங்கள் ஓட்டு இதற்கே. ஆனால் பல வீடுகளில் அதைத் தப்பான இடத்தில், தப்பான சூட்டில், தப்பான நேரம்வரை வைத்துக்கொள்கிறார்கள்.

குளிர்கிறது என்றதும் பையை மார்போடோ வயிற்றோடோ அணைத்துக்கொள்வது வழக்கம். தூக்கத்துக்கு அது உதவாது. தூக்கம் பிடிக்க வேண்டுமானால் உடம்பின் உள்சூடு இறங்க வேண்டும். ஓர் இரவில் ஏறக்குறைய 1 டிகிரி செல்சியஸ் இறங்கும். அந்தச் சூடு வெளியேறும் வாசல்கள் உள்ளங்கையும் உள்ளங்காலும். அங்கே தோலுக்கடியில் தமனியையும் சிரையையும் நேராக இணைக்கும் குறுக்குக் குழாய்கள் இருக்கின்றன. மூளையின் ஹைப்போதாலமஸ் அவற்றைத் திறந்துவிட்டால் வெதுவெதுப்பான ரத்தம் பாதத்துக்குப் பாய்ந்து, சூட்டை இறக்கிவிட்டுத் திரும்பும். ஊட்டியை அடுத்த தலைகுந்தாவிலும் அவலாஞ்சியிலும் புல்மேல் உறைபனி படியும் இரவில் கால் சில்லிட்டுப் போனால் அந்தக் குழாய்கள் இறுக மூடிக்கொள்ளும். அப்புறம் நான்கு கம்பளி போர்த்தினாலும் கண் சொக்காது. 1999-ல் ஸ்விட்சர்லாந்தின் பேசல் நகர ஆய்வாளர்கள் நேச்சர் இதழில் எழுதியதும் இதைத்தான்: கைகால் ரத்தக் குழாய்கள் எவ்வளவு விரிந்திருக்கின்றனவோ அவ்வளவு சீக்கிரம் தூக்கம் வருகிறது. ஆகவே பையின் இடம் கால்மாடு.

ஒன்றேகால் லிட்டர் நீர் 60 டிகிரியிலிருந்து 35-க்கு ஆறும்போது விடும் சூடு, 2000 வாட் ஹீட்டர் சுமார் ஒரு நிமிடம் ஓடினால் தரும் சூட்டுக்குச் சமம். அவ்வளவுதான். ஆனால் அது முழுக்கப் போர்வைக்குள், தேவையான இடத்தில் இறங்குகிறது. ஹீட்டர் தரும் சூடோ தகரக் கூரைக்கும் ஜன்னல் இடுக்குக்கும் போகிறது. அறைக் காற்று முழுக்கச் சூடாவதால் அது உலர்ந்து தொண்டையும் வறள்கிறது. காற்றில் மரம் விழுந்து கரண்டு போகும் நாட்களிலும் பைக்குக் குறைவில்லை, அடுப்பு இருந்தால் போதும்.

ஊற்றும் முறையைச் சொல்கிறோம். கடல்மட்டத்துக்கு 2240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் தண்ணீர் 92 டிகிரி அளவிலேயே கொதித்துவிடும். கொதித்ததை அப்படியே ஊற்றலாம் என்று அர்த்தமில்லை. ரப்பர் கெடும், கையும் வெந்துபோகும். முதலில் குழாய்த் தண்ணீர் அரை லிட்டர் விடுங்கள், அதன்மேல் கொதிநீர் முக்கால் லிட்டர். குழாய்த் தண்ணீர் 12 டிகிரி அளவில் இருந்தால் கலவை 60-ல் வந்து நிற்கும். பையைத் தொங்கவிட்டு ஊற்றக் கூடாது: மேசைமேல் படுக்கவைத்து, கழுத்தை மட்டும் நிமிர்த்திப் பிடித்துப் புனல் வழியாக ஊற்ற வேண்டும். பிறகு மெல்ல அமுக்குங்கள். தண்ணீர் கழுத்து விளிம்புக்கு வந்து மினுங்கும்போது காற்று முழுக்க வெளியேறியிருக்கும். அந்த நொடியில் மூடியைத் திருகுங்கள். உள்ளே காற்று தங்கினால் பை உப்பி, கால் பட்டு அழுந்தும்போது மூடியில் கசியும். திருகியபின் தலைகீழாகப் பிடித்து ஒரு முறை அழுத்திப் பாருங்கள். சொட்டினால் பெரும்பாலும் குற்றவாளி மூடியின் வாஷர்தான்.

கடைக்காரர்கள் துணியுறை இல்லாமல் வெறும் பையைக் கொடுப்பது இந்தப் பொருளின் பெரிய குறை. வெறும் ரப்பரைப் பாதத்தில் வைக்கவே கூடாது. கெட்டியான துண்டில் சுற்றி, மணிக்கட்டின் உள்பக்கம் வைத்துப் பாருங்கள். இதமாக இருக்க வேண்டும், சுள்ளென்று இருக்கக் கூடாது. டேவிட் ஜூலியஸ் கண்டுபிடித்து 2021-ல் நோபல் பரிசு பெற்றாரே, 'சுடுகிறது' என்று மூளைக்குச் சொல்லும் டிஆர்பிவி1 உணர்வி, அது 43 டிகிரி அளவுக்கு வந்தால்தான் வாய் திறக்கும். 44 டிகிரியில் உள்ள பொருள் தோலோடு 6 மணி நேரம் ஒட்டிக் கிடந்தால் புண்ணே வந்துவிடும். அசந்து தூங்குகிறவருக்கு அந்த இதத்துக்கும் புண்ணுக்கும் உள்ள வித்தியாசம் தெரியாது. அதனால் படுப்பதற்கு அரை மணி முன்பே பையை மெத்தையில் வைத்து, படுத்தபின் கால்மணி நேரம் பாதத்தருகே வைத்திருந்து, கண் சொருகும்போது வெளியே தள்ளிவிடுங்கள்.

சர்க்கரை நோயால் பாதம் மரத்தவர்கள், பக்கவாதம் வந்தவர்கள், கைக்குழந்தைகள் ஆகியோர் படுக்கையில் பை வேண்டவே வேண்டாம். அவர்களுக்குத் தளர்வான கம்பளிக் காலுறை போதும். பனியில் கேரட் அறுத்துவிட்டு விறைத்த காலோடு வருபவர்களும் நேராகப் பையில் காலை வைக்கக் கூடாது. விரல் சிவந்து வீங்கி அரிக்கும். முதலில் உலர்த்தி, காலுறை போட்டு, மெல்லச் சூடேற விடுங்கள்.

நீலகிரித் தைலம் தேய்த்த காலுக்கும் இந்தப் பைக்கும் ஆகாது. தைலத்தில் உள்ள சினியோல், தோலின் குளிர் உணர்வியைத் தூண்டிவிடும். அப்போது பாதம் சொல்லும் சூட்டை நம்ப முடியாது. தைலம் பட்ட இடத்தில் ரப்பரும் ஊறி உப்பிப் பிசுபிசுக்கும்.

விடியற்காலைக்குப் பையை நம்ப வேண்டாம். உடம்பின் சூடு மிகக் குறைவாக இருக்கும் நேரம் அது, வெளியே குளிர் உச்சத்தைத் தொடுவதும் அப்போதுதான். அந்நேரம் கனவுத் தூக்கமும் அதிகம். கனவுத் தூக்கத்தில் உடம்பு நடுங்கிச் சூடேற்றிக்கொள்ளாது. கைக்கெட்டும் தூரத்தில் ஒரு கம்பளி கூடுதலாக வையுங்கள். இரவெல்லாம் எரியும் மின்கம்பளத்தை நாங்கள் சொல்லாததற்குக் காரணம், இறங்க வேண்டிய உள்சூட்டை அது இறங்க விடாது என்பதுதான்.

ஜெல் பைகள் பலவற்றில் உள்ளிருக்கும் திரவத்தின் வழியே மின்சாரம் பாய்ந்துதான் சூடேறுகிறது. சூடேறியதும் மின்சாரத்தை நிறுத்தும் கட்-ஆஃப் பழுதானால் பை உப்பி வெடிக்கலாம், பிளக்கில் இருக்கும்போது கசிந்தால் ஷாக். வாங்கித்தான் ஆகவேண்டுமென்றால், ஒயரைக் கழற்றிய பிறகே படுக்கைக்குக் கொண்டுபோங்கள். மூடிய அறையில் கரியடுப்பு மட்டும் கூடவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஹீமோகுளோபினைப் பற்றிக்கொள்ளும், தூங்குகிறவர் எழுந்திருக்கவே மாட்டார்.

வாங்கும்போது பையின் கழுத்தை மடக்கி, வெளிறிய கோடுகள் தெரிகின்றனவா என்று வெளிச்சத்தில் பாருங்கள். சில பைகளில் பூ வடிவ முத்திரை இருக்கும்: நடுவில் ஆண்டு, சுற்றி 12 இதழில் மாதம். செய்து 2 ஆண்டு தாண்டியதை வாங்காதீர்கள், வீட்டில் இருந்தால் வைத்துக்கொள்ளவும் வேண்டாம். பனிக்காலம் முடிந்ததும் மூடியைக் கழற்றி, தலைகீழாகத் தொங்கவிட்டு, உள்ளே ஈரம் போனபின் வெயில் படாத அலமாரியில் வையுங்கள்.