நிறைய கார்டு எடுத்தா ஸ்கோர் ஏறும்னு சொன்னான், 23,600 ரூபாய் போச்சு. குமரி மாவட்டத்து ஆளுங்க கவனமா இருங்க

நேத்து சாயங்காலம் பேங்க்ல இருந்து வந்த மெசேஜைப் பாத்ததுல இருந்து மனசு ஒரு நிலையில இல்ல. ராத்திரி முழுக்கத் தூக்கம் இல்ல. ஆறப்போட்டா எழுதாம விட்டுருவேன், அதனால இப்பமே எழுதறேன். என்ன பண்ணணும், எதைப் பண்ணக்கூடாதுன்னு கடைசியில விவரமா சொல்றேன்.

தக்கலை பக்கம் சின்னதா ஒரு பேக்கரி வச்சிருக்கேன். கிறிஸ்துமஸ் கேக் ஆர்டர் தொடங்கறதுக்கு முன்னாடி பெரிய ஓவன் ஒண்ணு வாங்கணும். கையில முழுப் பைசா இல்ல. 14 வருஷமா கணக்கு வச்சிருக்கற பேங்க்ல ஒரு கிரெடிட் கார்டு எடுத்து, மாசத் தவணையில போடலாம்னு நினைச்சிருந்தேன். என் சிபில் ஸ்கோர், அதாவது கடனை எப்படிக் கட்டறோம்னு பாத்துப் போடற மார்க், 781. வாங்கின கடன்ல ஒரு தவணைகூடத் தப்புனது கிடையாது. நேரா அங்க போயிருந்தா இந்நேரம் ஓவன் வந்து இறங்கியிருக்கும்.

அப்பதான் அந்தப் பையன் கடைக்கு வந்தான். போன மே மாசம் அவன் பிள்ளைக்குப் புதுநன்மை. ரெண்டு கிலோ கேக் நான்தான் போட்டுக் குடுத்தேன், பைசாவும் குறைச்சுத்தான் வாங்கினேன். மார்த்தாண்டத்துல லோன், கார்டு எல்லாம் எடுத்துக் குடுக்கற ஒரு மாடி ஆபீஸ்ல வேலை பாக்கறான். "அண்ணே, ஒரு கார்டும் இல்லாம பேங்க்ல போயி நின்னா அவிய மதிக்க மாட்டாவ. மொதல்ல அஞ்சாறு கார்டு எடுத்துப் போடுவோம். கார்டுல செலவு பண்ற லிமிட் கூடும், ஸ்கோர் எண்ணூறைத் தாண்டும். அப்புறம் உங்க பேங்க்காரனே கூப்பிட்டு பெரிய கார்டு தருவான்"ன்னான். சர்வீஸ் சார்ஜ் 20,000, அதுக்கு மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி, மொத்தம் 23,600 ரூபாய். ஒரு மாசத்துல பேங்க் கார்டு கைக்கு வரலைன்னா முழுப் பைசாவும் திருப்பித் தரேன்னு கடையில மாட்டியிருக்கற மாதா படத்தைக் காட்டிச் சொன்னான். அதுலதான் நான் விழுந்தேன். மாதாவைச் சாட்சிக்கு வச்சவன் பொய் சொல்லுவான்னு எனக்குத் தோணவே இல்ல.

வீட்டுக்காரி சீட்டு எடுத்து வச்சிருந்த பைசா அது. ஜிபேயில அனுப்பினேன். கம்பெனி கணக்குக்கு இல்ல, அவன் சொந்த நம்பருக்கு. ஜிஎஸ்டி வாங்கினானே, பில் எங்கன்னு அன்னைக்கே கேட்டிருக்கணும்.

ஆபீஸ்ல உக்கார வச்சு கட்டஞ்சாயா வாங்கிக் குடுத்தாங்க. கண்ணாடி மேசை மேல என் போன். அவன் லேப்டாப்ல தட்டத் தட்ட போன் அதிர்ந்துகிட்டே இருந்தது. "ஓடிபி வந்திருக்கும், சொல்லுங்கண்ணே." சொன்னேன். திரும்பவும் அதிர்ந்தது. அதையும் சொன்னேன். அன்னைக்கு ஒரே நாள்ல நாலு. அடுத்த சில நாள்ல போன்ல கூப்பிட்டுக் கூப்பிட்டு மிச்சத்தையும் வாங்கிட்டான். ஒவ்வொரு ஓடிபியும் ஒரு கம்பெனிக்கு நான் குடுக்கற சம்மதம்னு அவனும் சொல்லல, எனக்கும் தெரியல.

மூணு கார்டு வந்தது. மூணுக்கும் வருஷக் கட்டணம் உண்டு, அதையும் சொல்லல. மத்த எட்டு கம்பெனியும் கார்டு தர முடியாதுன்னுட்டாங்க. அப்புறம் என் பேங்க்ல விண்ணப்பம் போட்டேன், நேத்து பதில் வந்திருச்சு: இப்போதைக்குத் தர இயலாது.

காலையில முதல் ஆளா பேங்க்ல போய் நின்னேன். மேனேஜர் நல்ல மனுஷன், ஸ்கிரீனை என் பக்கம் திருப்பி வச்சு, என் சிபில் அறிக்கையை பேனாவால ஒவ்வொரு வரியா காட்டினாரு. தேதி, கம்பெனி பேரு, கிரெடிட் கார்டு. தேதி, கம்பெனி பேரு, கிரெடிட் கார்டு. பன்னிரண்டு நாளுக்குள்ள பதினொண்ணு. "கார்டு குடுத்தாலும் குடுக்கலைன்னாலும் நீங்க கேட்டது பதிவாயிரும். தள்ளுபடி ஆனது இதுல எழுதியிருக்காது. ஆனா இத்தனை பேர்கிட்ட கேட்டிருக்கீங்க, கணக்கு மூணுதான் தொறந்திருக்கு. பாக்கறவன் என்ன நினைப்பான்? பைசாவுக்கு ரொம்ப நெருக்கடியில இருக்கற ஆளுன்னுதான் நினைப்பான்"ன்னாரு. ஸ்கோர் 714-க்கு வந்திருக்கு. புதுக் கணக்கு ஒண்ணா மூணு வந்ததால என் கணக்குகளோட சராசரி வயசும் குறைஞ்சு போச்சாம். 14 வருஷம் ஒழுங்கா இருந்தவன் நான்.

அந்தப் பையன் சொன்னது முழுப் பொய்யா இருந்திருந்தா நானே கண்டுபிடிச்சிருப்பேன். லிமிட் கூடி, செலவு கம்மியா இருந்தா ஸ்கோருக்கு நல்லதுதான். ஆனா அது தேதி தப்பாம கட்டிக் கட்டி நாள்பட வர்ற பலன். விண்ணப்பம் போடறதோட அடி உடனே விழும். இந்த ரெண்டாவது பாதியை அவன் மறைச்சுட்டான்.

உடனே போன் போட்டேன். "சர்வர் பிரச்சனைண்ணே, நாளைக்குப் பேசுவோம்." திரும்பப் போட்டேன். "மேனேஜர் திருவனந்தபுரம் போயிருக்காரு." பைக்கை எடுத்துட்டு நேரா மார்த்தாண்டம் போனேன். முன்னால இருந்த பொண்ணு தலையை நிமிர்த்தாமலே, "மூணு கார்டு வந்திருக்குல்லா சார், எங்க வேலை முடிஞ்சுது. ஸ்கோரு மூணு மாசத்துல தன்னால சரியாயிரும்"னு சொல்லிட்டா. 23,600 ரூபாய் கேட்டா, சர்வீஸ் சார்ஜ் திரும்ப வராதாம். நீங்க ஒத்துக்கிட்டுத்தானே ஓடிபி சொன்னீங்கன்னு என்கிட்டயே திருப்பிக் கேக்கறா! மாடிப்படி இறங்கறதுக்குள்ள அந்தப் பையன் என்னை வாட்ஸ்அப்ல பிளாக் பண்ணிட்டான்.

ஓவன் இல்ல. இருக்கற சின்ன ஓவனை வச்சு இந்தக் கிறிஸ்துமஸுக்கு எத்தனை ஆர்டர் எடுக்க முடியும்? வீட்டுக்காரிகிட்ட 23,600 ரூபாய் போச்சுன்னு இன்னும் வாயத் தொறந்து சொல்லல.

கடை திறக்க நேரமாச்சு, மைதா வண்டி வந்து நிக்குது. விவரமா எழுத முடியல, முக்கியமானது மட்டும்.

கார்டு வேணும்னா பேங்க்ல நேரா கேளுங்க, ஒண்ணுக்குக் கேட்டு, அது கிடைச்சுப் போதும்னா அதோட விட்டுருங்க. ஒண்ணு கிடைக்கலைன்னு அடுத்ததுக்கு அன்னைக்கே ஓடாதீங்க, சில மாசம் இடைவெளி விடுங்க. ஓடிபியை யார்கிட்டயும் வாயால சொல்லாதீங்க. ஸ்கோர் போடற கம்பெனிங்க சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், சிஆர்ஐஎஃப் ஹைமார்க் நாலு பேரும் வருஷத்துக்கு ஒரு முழு அறிக்கை இலவசமாத் தரணும். நாமளே எடுத்துப் பாத்தா ஸ்கோர் குறையாது.

இப்படி வேண்டாத கார்டு வந்தா ஆக்டிவேட் பண்ணாதீங்க. 30 நாள் கழிச்சு சம்மதம் கேட்டு ஓடிபி அனுப்புவாங்க, குடுக்கலைன்னா கட்டணம் இல்லாம அவங்களே மூடணும், ரிசர்வ் பேங்க் 2022-ல போட்ட விதி அது. மூணுல ஒண்ணை நான் இன்னும் தொடல, அதோட கட்டணமாவது மிஞ்சும். ஆக்டிவேட் பண்ணிட்டாலும் பாக்கி இல்லாம மூடச் சொன்னா 7 வேலை நாள்தான், தாண்டினா நாளுக்கு 500 ரூபாய் அவங்க நமக்குத் தரணும்.

1915 நுகர்வோர் நம்பருக்கு இன்னைக்கே கூப்பிடப் போறேன். ஜிபே ரசீதை எடுத்துட்டு மத்தியானம் போலீஸ் ஸ்டேஷனுக்கும் போறேன். தக்கலை, மார்த்தாண்டம், கருங்கல் பக்கம் வேற யாராவது இப்படி பைசா குடுத்திருந்தா சொல்லுங்க, சேந்தே போவோம்.