சர்க்கரையை மறைக்காமல் எடுத்த பாலிசி: காட்பாடி காப்பீட்டு அலுவலகம் பற்றி

என் கணவருக்கு 51 வயது. பதினோரு வருடமாகச் சர்க்கரை, ஆறு வருடமாக ரத்த அழுத்தம். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் வேலை. சம்பளம் மாதம் 21,000 ரூபாயைத் தாண்டியதும் ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீடு) நின்றுபோனது. அதுவரை மாத்திரை முதல் படுக்கை வரை எல்லாம் அதில்தான். பழைய நோயா, புதிய நோயா என்று அங்கே யாரும் கேட்டதில்லை. வெளியே வந்த பிறகுதான் அந்தக் கேள்வி எங்கள் வீட்டுக்குள் நுழைந்தது.

முதலில் வந்தவர் உறவுக்காரர் அனுப்பிய ஒரு முகவர். விண்ணப்பத்தில் நோய் பற்றிய எல்லாக் கேள்விக்கும் தானே "இல்லை" என்று குறித்துவிட்டு, கையெழுத்தை மட்டும் கேட்டார். "ஐந்து வருடம் கட்டிவிட்டால் கம்பெனி ஒன்றும் செய்ய முடியாது" என்றார். நான் பேனாவைப் பிடுங்கி வைத்துவிட்டேன். எங்கள் தெருவிலேயே ஒருவர் அப்படி எழுதிக் கொடுத்து, இதய சிகிச்சைக்குப் பணம் கேட்டபோது, பழைய மருத்துவக் குறிப்பில் 2016-லேயே சர்க்கரை என்று இருப்பதைக் காட்டி மறுத்துவிட்டார்கள். அந்த அம்மாள் வளையல் வரை விற்றார். குடியாத்தத்துக்காரர்கள் எது வந்தாலும் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்குத்தான் ஓடுவோம். அங்கே ஒருமுறை பதிந்த எண்ணின் கீழ் எல்லாம் இருக்கும். அதை யாரிடம் மறைப்பது?

2024 மே மாதம், காட்பாடி காந்தி நகரில் உள்ள இந்த அலுவலகத்துக்குப் போனோம். நடத்துபவர் நாற்பது வயதுப் பெண். பாலிசியைப் பற்றிப் பேசுவதற்கு முன்பே, "அக்கா, குடும்ப வருமானம் வருடத்துக்கு 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் என்னிடம் ஒன்றும் வாங்க வேண்டாம். சத்துவாச்சாரி கலெக்டர் அலுவலகத்துக்குப் போய் முதலமைச்சர் காப்பீட்டு அட்டையை வாங்குங்கள்" என்றார். அப்படிச் சொன்னால் அவருக்கு ஒரு ரூபாய் கமிஷன் கிடையாது. எங்கள் வருமானம் அந்த வரம்பைத் தாண்டியது. ஆனால் அந்த ஒரு பேச்சிலேயே எனக்கு அவர் மேல் நம்பிக்கை வந்துவிட்டது.

ஐந்து வருடக் கதையைக் கேட்டேன். விதி உண்மைதான் என்றார். தொடர்ந்து 60 மாதம் கட்டிய பிறகு, சொல்லாமல் விட்டதைக் காரணம் காட்டிப் பணத்தை மறுக்க முடியாது. ஆனால் மோசடி என்று நிரூபித்தால் அந்தப் பாதுகாப்பு இல்லை. தெரிந்தே "இல்லை" என்று எழுதினால் அதற்கு வேறு என்ன பெயர்?

பிறகு இரண்டு மணி நேரம் ஒவ்வொரு கேள்வியையும் தமிழில் படித்துச் சொல்லி, மாத்திரையின் பெயர், அளவு, எந்த வருடத்திலிருந்து என்பது வரை எழுதினார். முதல் நிறுவனம் ரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிட்டு மறுத்துவிட்டது. அன்று இரவு என் கணவர் சாப்பிடவே இல்லை. இரண்டாவது நிறுவனம் 15 சதவீதம் கூடுதல் பிரீமியம் கேட்டு ஏற்றுக்கொண்டது. ஐந்து லட்சத்துக்கு 21,275 ரூபாய், ஜி.எஸ்.டி. சேர்த்து 25,105. 31-வது நாளிலிருந்தே சர்க்கரைக்கும் பணம் தரும் பாலிசி ஒன்றும் இருந்தது. அதற்கு 38,000 ரூபாய்க்கு மேல். எங்களால் முடியவில்லை. எடுத்த பாலிசியில் பழைய நோய்களுக்கு மூன்று வருடக் காத்திருப்பு; அதுவரை அவற்றுக்குப் பணம் கிடையாது. 2024 ஏப்ரலுக்கு முன்பு நான்கு வருடம் வரை வைக்கலாமாம். படித்துப் பார்த்து, பிடிக்காவிட்டால் 30 நாளுக்குள் திருப்பித் தரலாம் என்பதையும் அவர்தான் சொன்னார்.

சென்ற அக்டோபரில் என் கணவருக்கு டெங்கு வந்தது. நான்கு நாள் வேலூரில் ஒரு மருத்துவமனையில். பாலிசியில் அறை வாடகைக்கு நாளுக்கு 5,000 ரூபாய் வரம்பு. அதைத் தாண்டினால் வாடகை வித்தியாசம் மட்டுமல்ல, டாக்டர் கட்டணம் போன்றவற்றிலும் அதே விகிதத்தில் வெட்டுவார்கள் என்று அலுவலகத்துப் பெண் முன்பே எச்சரித்திருந்ததால், 4,000 ரூபாய் அறையே கேட்டோம். காப்பீட்டு நிறுவனத்திலிருந்து, "சர்க்கரை எப்போதிலிருந்து?" என்று கேள்வி வந்தது. விண்ணப்பத்தில் எழுதியதையே சொன்னோம். ஒரு மணி நேரத்தில் அனுமதி வந்தது. மொத்தம் 48,600 ரூபாயில், காப்பீட்டில் சேராத கையுறை போன்றவற்றுக்காக எங்கள் கையிலிருந்து போனது 3,150. வீட்டுக்கு அனுப்பத்தான் ஐந்து மணி நேரம் ஆக்கினார்கள். மூன்று மணி நேரத்துக்குள் காப்பீட்டு நிறுவனம் முடிவு சொல்ல வேண்டும் என்பது விதி. அந்த மாலை முழுவதும் இந்தப் பெண் போனில் எங்களோடு இருந்தார்.

குறையும் உண்டு. நிபந்தனைகளைத் தமிழில் கேட்டோம். வர மூன்று வாரம் ஆனது. ஞாயிற்றுக்கிழமை போன் எடுப்பதில்லை, நோய் கிழமை பார்த்து வருவதில்லையே. அலுவலகம் இரண்டாவது மாடியில், லிஃப்ட் இல்லை. நோயாளிகள் வந்துபோகும் இடத்துக்கு இது சரியில்லை, அவரிடமே சொன்னேன்.

என் கணவருடைய கண்ணுக்கு ஊசி போட வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். சர்க்கரையால் வந்தது என்பதால் 2027 ஜூன் வரை கைக்காசுதான். அது வலிக்கிறது. ஆனால் முதல் நாளே தெரிந்த செலவு; மாதம் 1,500 ரூபாய் தனியாக எடுத்து வைக்கிறோம். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் பாலிசிக்கு ஜி.எஸ்.டி. இல்லை என்பதால், பாலிசியைப் புதுப்பிக்கும்போது மிச்சமாகும் வரியும் அந்தக் கணக்கில்தான் சேரும்.

போகிறவர்கள் பழைய மருந்துச் சீட்டுகள், கடைசி ஆறு மாத ரத்தப் பரிசோதனை, எப்போதாவது படுத்திருந்தால் டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். முழங்கால் வலி உள்ளவர்கள் கீழே நின்று போன் செய்தால் போதும்; விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு அவரே இறங்கி வருவார்.