கறுப்புப் பூச்சுக்கு அடியில் பட்டி: சேசிஸை வலுப்படுத்தக் கொடுத்து ஏமாந்த கதை

சொந்தமாகக் கார் கட்டுகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. சேசிஸை, அதாவது வண்டியின் அடிச்சட்டத்தை, வலுப்படுத்தப் பட்டறையில் விட்டிருந்தால், வெல்டிங்கை நீங்கள் கண்ணால் பார்க்கும்வரை அதன்மேல் எந்தப் பூச்சும் ஏறக் கூடாது என்று இன்றே சொல்லிவிடுங்கள்.

என்னுடையது ஏணி வடிவச் சேசிஸ். பழையதைவிடக் கனமான, இழுவை கூடிய என்ஜினை ஏற்றுவது திட்டம். பக்கச் சட்டங்கள் இரண்டும் ‘சி’ வடிவச் சேனல்கள். திறந்த பக்கத்தைத் தகட்டால் மூடி, விளிம்பு நெடுகப் பற்றவைத்துப் பெட்டிச் சட்டமாக்கித் தருவதாக எழுத்திலேயே ஒப்புக்கொண்டார்கள். முழுப் பணத்தையும் வாங்கிக்கொண்டு, பளபளக்கும் கறுப்புப் பூச்சோடு திருப்பித் தந்தார்கள்.

ஓட்டத் தொடங்கியதும் மேடுபள்ளங்களில் கதவு நிலையில் உரசியது. சேசிஸ் முறுகுகிறதோ என்று கம்பித் தூரிகையால் பூச்சைச் சுரண்டினால், தகட்டின் விளிம்பிலிருந்து பட்டி உதிர்கிறது! நசுங்கிய பாடியை நிரவப் பூசும் அதே பட்டி. அங்கங்கே பொட்டு வைத்ததுபோல் டாக் வெல்டிங். நடுவே கையகல இடைவெளிகள். அவற்றில் பட்டியை அப்பி, வெல்டிங் வரி போலத் தெரிவதற்காக அலையலையாக இழுத்தும் விட்டிருக்கிறார்கள். அந்தக் கைவேலைக்குச் செலவிட்ட நேரத்தில் ஒழுங்காகவே பற்றவைத்திருக்கலாம்.

“தகடு வைத்தாயிற்றே, கொஞ்சமாவது பலம் கூடியிருக்கும்” என்று பட்டறைக்காரர் சமாளித்தார். முறுக்கு விசையைப் பொறுத்தவரை அது போதாது. திறந்த சேனல் எளிதில் முறுகும். 100 மி.மீ. உயரம், 50 மி.மீ. அகலம், 3 மி.மீ. தடிமன் உள்ள சேனலை அதே தடிமன் தகட்டால் மூடினால், அந்தத் துண்டின் முறுக்கு விறைப்பு கணக்குப்படி பல நூறு மடங்கு உயரும். ஆனால், தகடும் சேனலும் ஒன்றின்மேல் ஒன்று நழுவாமல் வெல்டிங் பிடித்திருந்தால்தான் அந்தக் கணக்குச் செல்லும். பொட்டுக்குப் பொட்டு இடைவெளி விட்டால், அந்த விறைப்பு முழுதாகக் கிடைக்காது. பட்டி விசையைக் கடத்தாது.

இன்னொரு கொடுமை என்ஜின் தாங்கும் இடத்தில். அங்கே மட்டும் ஒரு பக்கத்தை ஒரே மூச்சில் பற்றவைத்திருந்தார்கள். சூடான வெல்டிங் ஆறும்போது சுருங்கி இரும்பை இழுக்கும். அதனால்தான் பிரேமை (சேசிஸ் சட்டத்தை) அசையாமல் பிடிக்கும் ஜிக்கில் இறுக்கி, சிறு சிறு வரிகளாக, பக்கம் மாற்றி மாற்றிப் போடுவார்கள். மூலைக்கு மூலை அளந்தேன். இரண்டு மூலைவிட்டங்களும் ஒத்துப்போகவில்லை. பட்டறைக்கு அனுப்பும்முன் எடுத்த அளவுகள் என்னிடம் இருந்ததால், “பிரேம் முதலிலிருந்தே கோணல்” என்ற அவருடைய அடுத்த வாதம் எடுபடவில்லை.

வலுவுக்காகச் சட்டத்தின்மேல் கூடுதலாக ஒட்டும் மேல்தகடு இருந்த இடத்தையும் பாருங்கள். அதன் முனையைச் செங்குத்தாக வெட்டி, சேனலின் அடிவிளிம்புக்குக் குறுக்கே வெல்டிங் போட்டிருந்தார்கள். வளைவு விசை மிகுந்திருப்பது மேல், கீழ் விளிம்புகளில்தான். திடீரென்று முடியும் தகட்டின் ஓரத்தில் விசை குவியும். விரிசல் அங்கேதான் பிறக்கும். தகட்டு முனையைச் சாய்வாகவோ மீன்வால் வடிவிலோ வெட்டுவதற்குக் காரணம் இதுதான். என் பிரேமில் மயிரிழை விரிசல் ஏற்கெனவே தொடங்கிவிட்டது.

பணத்தைக் கேட்டதற்கு, பூச்சைச் சுரண்டியதால் உத்தரவாதம் ரத்து என்று பதில் வந்தது. பூச்சுக்கா உத்தரவாதம் கொடுத்தார்கள்?

வண்டியை ஏற்கெனவே பூச்சோடு வாங்கிவிட்டவர்கள், சிறு காந்தம் ஒன்றை வெல்டிங் வரியின் மீது நகர்த்திப் பாருங்கள். பட்டி தடிமனாக இருக்கும் இடத்தில் பிடி தளரும். அங்கே சுரண்டுங்கள். என்ஜின் தாங்கி, சஸ்பென்ஷன் பிடிப்புகள், தகடு முடியும் முனைகள் ஆகியவற்றை முதலில் பாருங்கள். விரிசல் தெரிந்தால், அதன்மேல் இன்னொரு தகடு ஒட்ட எவரையும் அனுமதிக்காமல் வண்டியை நிறுத்திவிடுங்கள்.