தம்பியோடு எட்டு சனிக்கிழமை போன வகுப்பு

என் தம்பிக்கு வயது 27, டவுன் சிண்ட்ரோம். சென்னையில் அறிவுசார் மாற்றுத்திறனாளிகளுக்கு, அதுவும் பதினெட்டு வயது தாண்டியவர்களுக்கு மட்டும், உடம்பு, காதல், கல்யாணம், தொடுதல், சம்மதம் இதையெல்லாம் சொல்லித்தருகிற ஒரு வகுப்பு நடந்தது. எட்டு சனிக்கிழமை, காலை பத்து முதல் பன்னிரண்டு வரை, கட்டணம் 2400 ரூபாய், முடியாதவர்களுக்குக் குறைத்தும் வாங்கினார்கள். நடத்தியவர்கள் பெயரை எழுதவில்லை. வந்ததே ஒன்பது பேர், இடத்தைச் சொன்னால் யார் யார் என்று தெரிந்துவிடும். தம்பியைப் பற்றி எழுதுவதை அவனிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். இந்த மாதிரி வகுப்பு உங்கள் ஊரில் கிடைத்தால் எதைப் பார்த்துச் சேர்ப்பது என்பதற்கு இது உதவும்.

முதலில் ஏன் போனோம் என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் எந்தக் கல்யாணம் நடந்தாலும், பந்தியில் உட்கார்ந்ததும் தம்பி கேட்பான், "அக்கா, எனக்கு எப்போ?" சுற்றி இருப்பவர்கள் சிரிப்பார்கள், பெரியம்மா "உனக்கு இல்லாததா ராஜா" என்று இன்னொரு ஜாங்கிரி வைப்பார். பத்து வருடமாக இதே கேள்வி, இதே சிரிப்பு. அவன் மாலையும் பட்டு வேட்டியும் கேட்கிறான் என்றுதான் நாங்கள் எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தோம். போன வருடம் சித்தப்பா மகள் கல்யாணம் முடிந்து வந்த ராத்திரி, வேட்டியைக்கூட மாற்றாமல் கட்டிலில் உட்கார்ந்தே இருந்தான். என்னடா என்று கேட்டேன். ஒரு பெண்ணின் பெயரைச் சொன்னான். அவன் முன்பு வேலை பார்த்த வொக்கேஷனல் யூனிட்டில் (தொழிற்பயிற்சிக் கூடத்தில்) பேப்பர் கவர் ஒட்டுகிற பெண். அங்கே இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்துவிட்டு, எங்களை வரவழைத்து, இனிமேல் இப்படி நடந்தால் சேர்த்துக்கொள்ள மாட்டோம் என்றார்கள், அந்தப் பெண்ணை மதிய ஷிஃப்டுக்கு மாற்றிவிட்டார்கள். ஏன் என்று இவனிடம் யாரும் சொல்லவில்லை, நாங்களும் சொல்லவில்லை. பல நாள் சாயங்காலம் கேட் பக்கத்தில் வேனைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறான். அதை வேனுக்காக நிற்கிறான் என்று எடுத்துக்கொண்டோம்.

சரி, வகுப்புக்கு வருகிறேன். முதல் நாள் எதுவும் சொல்லித்தரவில்லை, அதுதான் எனக்கு முதலில் பிடித்தது. மிஸ் மேசை மேல் படங்களைப் பரப்பி வைத்தார். கை கோத்து நடக்கிற ஜோடி, கல்யாண மேடை, கைக்குழந்தையோடு ஒரு பெண், தனியாகக் கட்டிலில் படுத்திருக்கும் ஒருவர், முத்தம் கொடுக்கும் இரண்டு பேர். பிடித்ததை எடுங்கள், பிடிக்காததைக் கவிழ்த்து வையுங்கள், ஏன் என்று சொல்ல முடிந்தால் சொல்லுங்கள் என்றார். முதல் நாள் மட்டும் வீட்டு ஆட்கள் பின்வரிசையில் உட்காரலாம், அப்புறம் வெளியேதான். தம்பி கல்யாண மேடையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான், இரண்டு மணி நேரமும் விடவில்லை. ஒரு பெண் "கல்யாணம் வேணாம், ஃபிரெண்ட் வேணும், பாய் ஃபிரெண்ட்" என்று தெளிவாகச் சொன்னாள். நரைத்த தலையோடு ஒருவர் குழந்தைப் படத்தைக் காட்டி "இது எனக்கு" என்றார். முத்தப் படத்தை மூன்று பேர் கவிழ்த்தார்கள். கவிழ்த்ததும் மூன்று பேருமே பின்வரிசையில் இருந்த அவரவர் அம்மாவைத் திரும்பிப் பார்த்தார்கள்.

மிஸ் எங்களிடம் பிறகு அதைத்தான் எடுத்துச் சொன்னார். இவர்களுக்கு ஆசை இல்லை என்று நாம் நினைக்கிறோம், ஆசை எல்லாருக்கும் போலத்தான் இருக்கிறது, கூடவே "தப்பு, திட்டுவாங்க" என்ற பயமும் சேர்ந்து இருக்கிறது, அந்தப் பயத்தைக் கொடுத்தது நாம். பல நாட்டு ஆய்வுகளில் இவர்களிடமே நேரில் கேட்டபோதும் துணை வேண்டும், தனிமையாக இருக்கிறது என்றும், அதே மூச்சில் செக்ஸ் கெட்டது என்றும் சொல்லியிருக்கிறார்களாம். மறுப்பதில் பெற்றோர்தான் முன்னால் நிற்கிறோம், பராமரிப்பு ஊழியர்கள் நம்மைவிடக் கொஞ்சம் விட்டுக்கொடுக்கிறார்கள் என்பதையும் சொன்னார்.

மூன்றாவது வாரம் தரையில் கோலமாவால் ஒன்றுக்குள் ஒன்றாக ஐந்து வட்டம் போட்டார்கள். நடுவில் நான் மட்டும், அடுத்தது கட்டிப்பிடிக்கலாம், அடுத்தது கை குலுக்கலாம், அடுத்தது கை அசைக்கலாம், கடைசி வட்டத்தில் தெரியாதவர்கள். வீட்டிலிருந்து போட்டோக்கள் கொண்டுபோயிருந்தோம், ஒவ்வொருவரையும் அந்தந்த வட்டத்தில் வைக்க வேண்டும். தம்பி ஆட்டோ டிரைவர் முதல் காய்கறிக்காரம்மா வரை அத்தனை பேரையும் கட்டிப்பிடிக்கிற வட்டத்தில் வைத்துவிட்டான். இதை அன்று சாயங்காலம் மிஸ் சொல்லிக் கேட்டபோது எனக்கு நெஞ்சு வலித்தது, ஏனென்றால் அதைக் கற்றுக்கொடுத்தது நாங்கள். ஐந்து வயதில் வருகிறவர்கள் எல்லாரையும் போய்க் கட்டிப்பிடிப்பான், தெய்வக் குழந்தை என்று எல்லாரும் கொஞ்சுவார்கள். 27 வயது ஆண் பஸ்ஸில் ஒரு பெண்ணைக் கட்டிப்பிடித்தால் அவள் பயந்து கத்துவாள், கூட்டம் அவனை அடிக்கும். எட்டு வாரத்தில் அவன் பழகிக்கொண்டது இதைத்தான் அதிகம். இப்போது காய்கறிக்காரம்மாவைப் பார்த்தால் கையை நீட்டுகிறான்.

ஐந்தாவது வாரம் ஆண்கள் தனி, பெண்கள் தனி. பெண்களுக்கு நாப்கினில் சிவப்பு மை ஊற்றி, மாற்றுவது, சுற்றுவது, குப்பையில் போடுவது என்று திரும்பத் திரும்பச் செய்யவைத்தார்கள் என்று கேள்விப்பட்டேன். ஆண்கள் பக்கம் ஒரு சார், தூக்கத்தில் விந்து வருவது பற்றியும் சுய இன்பம் பற்றியும் பச்சையாகவும் இல்லாமல் சுற்றி வளைக்காமலும் பேசியிருக்கிறார். செய்வது தப்பில்லை, உன் அறையில், கதவைச் சாத்திக்கொண்டு, வேறெங்கும் கூடாது. அவ்வளவுதான் பாடம். தம்பி வெளியே வந்து என்னிடம் கேட்டது, "அக்கா, என் ரூம் எது?"

பதில் சொல்ல முடியவில்லை. எங்கள் வீட்டில் அவன் ஹாலில் அப்பா பக்கத்தில் பாய் போட்டுப் படுப்பவன். பிறந்ததிலிருந்து அவனுக்கென்று ஒரு கதவு இருந்ததில்லை, குளிக்கும்போதுகூடத் தாழ்ப்பாள் போட விடமாட்டோம், விழுந்துவிடுவான் என்ற பயத்தில். அந்த வாரமே தையல் மிஷினும் அரிசி மூட்டையும் கிடந்த சின்ன அறையை ஒழித்துக் கொடுத்தோம். உள்ளே தாழ்ப்பாள், அவசரம் என்றால் வெளியிலிருந்தும் திறக்கிற மாதிரி வைத்தார் தச்சர். அம்மா முதல் நாலைந்து நாள் பழக்கத்தில் நேரே உள்ளே போய்விட்டு, வெளியே வந்து கதவைத் தட்டிவிட்டு மறுபடி போனார். இப்போது தட்டுகிறார்.

பெற்றோருக்கு மட்டும் இரண்டு அமர்வு இருந்தது, ஒன்றில் ஒரு வக்கீல் வந்தார். அங்கே ஒரு அம்மா எழுந்து, மகளுக்கு மாதாமாதம் கஷ்டமாக இருக்கிறது, கர்ப்பப்பையை எடுத்துவிடலாம் என்று ஒரு டாக்டர் சொல்கிறார், செய்யலாமா என்று கேட்டார். அந்தம்மா குரல் நடுங்கியது, அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வக்கீலும் திட்டவில்லை. 1994-ல் புனே சாசூன் மருத்துவமனையில், ஷிரூர் காப்பகத்தில் இருந்த அறிவுசார் மாற்றுத்திறனாளிப் பெண்களுக்கு இதே காரணம் சொல்லிக் கர்ப்பப்பையை எடுத்ததையும், பெண்கள் அமைப்புகள் அதை எதிர்த்ததையும் சொன்னார். 2016-ம் வருட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 10-ம் பிரிவு, கருத்தரிக்க முடியாமல் செய்கிற எந்தச் சிகிச்சைக்கும் அவர்களுடைய சம்மதம் வேண்டும் என்கிறது, அதே பிரிவு குடும்பக் கட்டுப்பாடு பற்றிய தகவல் அவர்களுக்குக் கிடைக்க வேண்டும் என்றும் சொல்கிறது. 2009-ல் சண்டிகரில், அரசுக் காப்பகத்தில் இருந்த ஓர் அறிவுசார் மாற்றுத்திறனாளிப் பெண் பாலியல் வன்முறையால் கர்ப்பமானபோது, ஹைகோர்ட் கலைக்கச் சொல்லியும், அவள் பெற்றுக்கொள்ள விரும்புகிறாள், அவள் சம்மதமில்லாமல் கலைக்கக் கூடாது என்று சுப்ரீம் கோர்ட் சொன்ன வழக்கையும் விளக்கினார். அந்த அம்மாவுக்கு வேறு டாக்டரைப் பார்க்கவும், நாப்கின் பயிற்சியை வீட்டில் தொடரவும் வழி சொல்லி அனுப்பினார்கள். சட்டத்தைச் சொல்லிவிட்டு அப்படியே விடாமல் இதைச் செய்தது நல்லது.

குறைகளும் உண்டு. வகுப்பு முதல் மாடியில், லிஃப்ட் இல்லை. வீல்சேரில் வந்தவரை வாராவாரம் இரண்டு பேர் தூக்கிக்கொண்டு போனார்கள், மாற்றுத்திறனாளிகளுக்கான வகுப்பில் இது நடக்கவே கூடாது. உடல் உறுப்புகளுக்கு "ப்ரைவேட் பார்ட்ஸ்" என்ற ஒரே வார்த்தையை வைத்து ஓட்டினார்கள். தவறாக யாராவது தொட்டால் எங்கே தொட்டான் என்று பிள்ளை சொல்ல வேண்டாமா, அதற்கு ஒவ்வொன்றுக்கும் பெயர் தெரிய வேண்டும், தமிழில். எட்டு வாரமும் போதாது. இவர்களுக்குத் திரும்பத் திரும்பச் சொன்னால்தான் நிற்கும், மாதம் ஒரு முறையாவது தொடர வேண்டும்.

எனக்குப் பெரிய வருத்தம் வேறு. "வேண்டாம்" என்று சொல்ல ஆறு வாரம் பயிற்சி கொடுத்தார்கள். கையை நீட்டி, சத்தமாக, முகம் பார்த்து, அருமையாகச் செய்தார்கள். அது கட்டாயம் தேவை, இவர்கள் மேல் நடக்கிற வன்முறை அவ்வளவு. ஆனால் ஒருவரைப் பிடித்திருந்தால் அதை எப்படிச் சொல்வது, அவளுக்குப் பிடிக்கவில்லை என்றால் எப்படித் தாங்குவது, இரண்டு பேருக்கும் பிடித்திருந்தால் எங்கே பார்த்துப் பேசுவது, இதற்கு அரை மணி நேரம்தான். மிஸ்ஸிடம் கேட்டேன். "பெற்றோர் ஒத்துக்கொள்வதில்லை, அக்கா, இதற்கே ஒருத்தர் நாலாவது வாரம் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்" என்றார். அவர் நிலைமை புரிகிறது. ஆனாலும் முதல் நாள் ஒன்பது பேரிடமும் என்ன வேண்டும் என்று கேட்டவர்கள் அவர்கள்தான். கேட்டுவிட்டு, கிடைத்த பதிலைப் பெற்றோருக்காக ஓரமாக வைக்கக் கூடாது. மடியில் வைத்திருந்த அந்தக் கல்யாணப் படத்தைக் கடைசி நாள் திருப்பி வாங்கும்போது தம்பி கொடுக்கவில்லை, மிஸ் அவனிடமே விட்டுவிட்டார்.

சேர்க்கலாமா என்றால், சேருங்கள். சேரும் முன் உறுப்புகளின் பெயரைச் சொல்லித்தருவீர்களா என்றும், காதலைப் பற்றி எத்தனை மணி நேரம் என்றும் கேளுங்கள். நான் அடுத்த பேட்ச்சுக்கும் பணம் கட்டிவிட்டேன், அவனே கேட்டான். அந்தப் பேப்பர் கவர் பெண்ணின் அம்மாவை நானே தேடிப் போய்ப் பேசினேன். மூன்று தடவை போன பிறகு, முதலில் மகளிடம் கேட்கிறேன் என்றார், மகள் சரி என்றாள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு வீடியோ கால், பத்து நிமிஷம். ஐந்தரைக்கே தலை வாரிக்கொண்டு, போனை எடுத்துக்கொண்டு தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறான்.