ஆறு தடவை சாப்பிட்ட பிறகு: வடசேரி ரசவடைக் கடை

நாகர்கோவில் வடசேரி கனகமூலம் சந்தையிலிருந்து நடக்கிற தூரத்தில் இருக்கும் இந்த டீக்கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது, அதனால் பெயர் கேட்காதீர்கள். சாயங்காலம் நாலு மணிக்கு மேல் அடுப்பைச் சுற்றி ஆள் நின்றால் அதுதான். முதல் தடவை போனது தற்செயல். மழைக்கு ஒதுங்கினேன், டீ மட்டும் சொன்னேன், அண்ணாச்சி "ரசவடை ஒண்ணு தின்னு பாருங்க சார்" என்று கிண்ணத்தை நீட்டினார். நல்லமிளகு தூக்கலான சூடு ரசத்தில் ஊறிய பருப்புவடை, ஆனால் நடுவில் மொறுமொறுப்பு இன்னும் கொஞ்சம் மிச்சம். கடையை விட்டு இறங்கும் முன்பே ஃபோனை எடுத்து ஐந்து ஸ்டார் போட்டுவிட்டேன்.

இப்போது ஆறு தடவை போயாகிவிட்டது. அந்த ஐந்தைத் திருத்த வேண்டும். குறை வடையில் கொஞ்சம், என் மண்டைக்குள் நிறைய.

நான் பிள்ளைகளுக்கு உடலியங்கியல் பாடம் எடுக்கிறவன், அந்தப் புத்தி இங்கேயும் விடவில்லை. நடுமூளையில் டோபமைன் என்ற ரசாயனத்தை விடுகிற நியூரான்கள் (நரம்புச் செல்கள்) சும்மா இருக்கும்போதும் நொடிக்குச் சில தடவை மின்துடிப்பு விட்டுக்கொண்டே இருக்கும், எதிர்பாராமல் ஒரு நல்லது கிடைத்தால் அந்தத் துடிப்பு படபடவென்று ஏறும். மூளை ஆய்வாளர் வொல்ஃப்ரம் ஷுல்ட்ஸ் குரங்குகளுக்குச் சொட்டுச் சொட்டாகப் பழச்சாறு கொடுத்து இதைப் பார்த்தார். விளக்கு எரிந்தால் சாறு வரும் என்று குரங்கு பழகியதும் துடிப்பு விளக்குக்கு மாறிவிட்டது, சாறு வாய்க்கு வரும் நேரத்தில் நியூரானிடம் பெரிய அசைவே இல்லை. எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் இவை சொல்கின்றன என்று 1997இல் அவரும் பீட்டர் தயானும் ரீட் மான்டேக்கும் எழுதினார்கள். ரீல்ஸில் டோபமைனை 'சந்தோஷ ஹார்மோன்' என்று சொல்லி முடித்துவிடுகிறவர்கள் மேல் எனக்கு இதனால்தான் எரிச்சல்.

சரி, கழித்தல் கணக்குப் போடுவது யார்? டோபமைன் நியூரான்களுக்கு நடுவிலேயே காபா என்ற அடக்கும் ரசாயனத்தை விடுகிற நியூரான்களும் கலந்து கிடக்கின்றன. ஹார்வர்டில் நவோஷிகே உச்சிடாவின் குழு 2012இல் சுண்டெலிகளில் பார்த்தது இது: ஒரு வாசனைக்குப் பிறகு பரிசு வரும் என்று பழகிய எலிக்கு, வாசனைக்கும் பரிசுக்கும் இடைப்பட்ட நேரம் பூராவும் இந்தக் காபா நியூரான்களின் துடிப்பு ஏறியே நிற்கிறது, பெரிய பரிசு என்றால் இன்னும் கூடுதல். 2015இல் அதே குழு அவற்றை ஒளியால் தூண்டியபோது, எதிர்பாராமல் வந்த பரிசுக்குக்கூட டோபமைன் துடிப்பு குறைந்தது. சம்பளத்தில் அட்வான்ஸ் வாங்கியவன் கதைதான். சந்து திரும்பும்போதே ரசத்தின் மணம் மூக்கில் ஏறி எனக்கு அட்வான்ஸ் கிடைத்துவிடுகிறது, கிண்ணம் கைக்கு வரும்போது அதைப் பிடித்துக்கொண்டு பாக்கியைத்தான் தருகிறார்கள். மூன்றாவது தடவை வடை அதே வடை, நான்தான் 'முன்ன மாதிரி இல்லையே' என்று மென்றுகொண்டு நின்றேன்.

ஐந்தாவது தடவை இன்னும் மோசம். பஸ் ஸ்டாண்டிலிருந்து வேகவேகமாக நடந்து போனால், "வடை தீந்து போச்சே சார்." வர வேண்டியது வராமல் போனால் டோபமைன் துடிப்பு வழக்கத்துக்கும் கீழே இறங்கும். இதில் பக்கவாட்டு ஹெபெனுலா என்ற சின்னப் பகுதிக்குப் பங்கு உண்டு என்று 2007இல் மட்சுமோட்டோவும் ஹிகோசாகாவும் குரங்குகளில் காட்டினார்கள், பரிசு இல்லை என்றால் அது துடிப்பு ஏறும். வேடிக்கை என்னவென்றால் ஹெபெனுலா அனுப்புவது பெரும்பாலும் தூண்டும் சமிக்ஞைதான், ஆனால் அது முக்கியமாகப் போய்ச் சேர்வது டோபமைன் பகுதியின் வால்நுனியில் உள்ள ஒரு காபா கூட்டத்துக்கு. பிரேக்கை மிதிக்கச் சொல்லி உசுப்புகிற மாதிரி. (அபின் வகை மருந்துகள் இதற்கு நேர் எதிர்: காபா நியூரான்களை அடக்கி, அதனால் டோபமைனைக் கட்டவிழ்த்துவிடும். 1992இலேயே தெரிந்த விஷயம்.) அன்றைக்குக் குடித்த டீ தண்ணியாக இருந்தது என்று கோபமாக எழுத நினைத்தேன், நல்லவேளை எழுதவில்லை. குரங்கையும் எலியையும் வைத்து என் நாக்குக்கு இவ்வளவு உறுதியாகத் தீர்ப்புச் சொல்லக் கூடாதுதான், ஆனாலும் டீ எப்போதும் போன்ற டீதான்.

ஆறாவது தடவை மார்த்தாண்டத்திலிருந்து வந்த மச்சானைக் கூட்டிப் போனேன், ஒன்றும் சொல்லாமல். மூன்று வடை தின்றுவிட்டு "எலே, இத்தனை நாள் இத எங்க ஒளிச்சு வச்சிருந்த?" என்றான். அவனிடம் கேட்டால் ஐந்து ஸ்டார் சொல்வான், நான் ஒத்துக்கொள்ள மாட்டேன், அவனும் முதல் தடவைக்காரன்தானே. இதை வாசித்துவிட்டுப் போகிறவர்களுக்கும் நான் கொஞ்சம் அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன், மன்னிக்கவும்.

நிஜமான குறைகள்: ஐந்தரைக்கு மேல் போனால் வடை ஊறி ஊறிக் குழைந்திருக்கும், ரசத்தில் சில நாள் புளி கூடுதல், உட்கார பெஞ்சு இல்லை, ஃபோனில் பணம் வாங்க மாட்டார், சில்லறை வேண்டும். வடைக்கு மூன்றரை ஸ்டார், டீக்கு இரண்டரை. மழை நாளில் சீக்கிரம் தீர்ந்துவிடும், முதலில் ரெண்டு வடை எடுத்து வைக்கச் சொல்லிவிட்டு அப்புறம் டீயைச் சொல்லுங்கள்.