உரை மருந்துப் பெட்டி: கல்லுக்குக் குறையில்லை, தேன் குப்பிதான் ஆகாது

காரைக்குடி, தேவகோட்டை வட்டாரத்தில் பிள்ளை பெற்ற வீட்டுக்கு, கல்லில் உரைத்துப் பிள்ளைக்குப் புகட்ட வாங்கும் உரை மருந்துப் பெட்டியில் வசம்பு, ஜாதிக்காய், மாசிக்காய், கடுக்காய், சுக்கு, சித்தரத்தை இருக்கும். கூடவே ஓர் உரைகல். சில பெட்டிகளில் சேனை (பிறந்த பிள்ளையின் நாவில் வைக்கும் முதல் இனிப்பு) தொட்டு வைக்கவும் மருந்து குழைக்கவும் சின்னத் தேன் குப்பியும் வரும்.

சரக்கைப் பார்த்து வாங்க வேண்டும். ஜாதிக்காய் கையில் கனக்க வேண்டும். துளையிருந்து மாவு உதிர்ந்தால் வண்டு குடைந்தது. மாசிக்காயும் துளையில்லாததே நல்லது. கல் வழவழப்பாக இருக்கட்டும், கீறலில் தங்கும் பசை கழுவினாலும் போகாது.

தேன் குப்பியை மட்டும் ஒதுக்கிவிடுங்கள். மலைத்தேனோ கம்பெனித் தேனோ, எதிலும் கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற கிருமியின் வித்து இருக்கக்கூடும். பெரியவர்கள் குடலில் ஏற்கெனவே குடியிருக்கும் கிருமிகள் அதை முளைக்க விடுவதில்லை. ஒரு வயது நிரம்பாத பிள்ளையின் குடலில் அந்தக் காவல் இன்னும் அமையவில்லை. வித்து அங்கேயே முளைத்து நஞ்சு சுரக்கும். நரம்பு இடும் கட்டளை தசைக்குப் போய்ச் சேராது.

காய்ச்சிக் கொடுத்தால் போதும் என்பார்கள். நஞ்சு கொதியில் அழியும், வித்து அழியாது. அதற்கு அழுத்தத்தில் 121 டிகிரி சூடு வேண்டும். மருந்தைச் சோற்றுப்பானையில் வேகவைத்துக் காயப்போடும் வழக்கமும், வசம்பைச் சுடுவதும் இதனால்தான் முழுக் காவல் ஆகா. மண்ணுக்குள் விளையும் கிழங்கிலும் வித்து ஒட்டியிருக்கலாம். முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டும் போதும், தண்ணீர்கூட வேண்டாம் என்பதால் அந்த வயதுக்கு இந்தப் பெட்டியே தேவையில்லை என்பது எங்கள் கணிப்பு. கொடுத்தே தீருவேன் என்கிறவர்கள் பிள்ளைக்கு ஒரு வயது கழியும்வரை பொறுக்கட்டும்.

பிள்ளையின் குடலில் வித்து முளைத்து வரும் இந்த நோயை (குழந்தை பாட்டுலிசம்) 1976-இல் கலிபோர்னியாவில்தான் முதலில் அடையாளம் கண்டார்கள். தூக்கத்தில் திடீரென இறந்த சில பிள்ளைகளின் உடலிலும் பிறகு இதே கிருமி தென்பட்டது. அத்தகைய சாவு எல்லாவற்றுக்கும் இதுவே காரணம் என்று ஆகாது.

பெரும்பாலும் முதலில் மலச்சிக்கல்தான் வரும். அதற்கென்றே இன்னொரு உரை உரைத்து ஊற்றுவதுதான் பெரிய ஆபத்து. அடுத்து அழுகைச் சத்தம் குறையும், பால் உறிஞ்சத் தெம்பிருக்காது, இமை சொக்கும், தலை நிற்காது. காய்ச்சல் பெரும்பாலும் இருக்காது. மூச்சுத் தசை சோர்வதற்குள் 108-ஐ அழையுங்கள். தேன் கொடுத்திருந்தால் மறைக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள்: ஜென்டாமைசின் போன்ற கிருமிக்கொல்லி ஊசி இந்த நோயில் தசைத் தளர்ச்சியைக் கூட்டும்.